நின்றதா, நிறுத்தினார்களா? மாமல்லபுரத்தில் ஒரு வினைச்சொல் தேடல்

எங்கள் டீமில் வேலை பார்க்கும் மெக்சிகோக்காரப் பெண் ஒருவர் இரண்டு வார வேலையாகச் சென்னை வந்திருந்தார். சனிக்கிழமை அவரை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். நான் செங்கல்பட்டில் வளர்ந்தவன். பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் ஆரம்பித்து இதுவரை எத்தனை முறை அங்கே போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அதோடு ஒரு வருடமாக மொபைலில் ஸ்பானிஷ் வேறு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வித்தையையும் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

முதல் சறுக்கல் வெண்ணெய் உருண்டைப் பாறையிடம். "சரிவில் உருண்டு வந்த மாதிரி இருக்கும், ஆனா இங்கேயே நின்னுடுச்சு" என்று சொல்ல நினைத்து, "லா பியேத்ரா செ பரோ" என்றேன். சிரித்துவிட்டார். ஸ்பெயினில் 'செ பரோ' என்றால் நின்றுவிட்டது என்று பொருள். மெக்சிகோவிலோ அதைக் கேட்டதும் 'எழுந்து நின்றது' என்றுதான் முதலில் தோன்றுமாம். 250 டன் பாறை எழுந்து நின்றால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்!

இரண்டாவது சறுக்கல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஐந்து ரதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேலை ஏன் பாதியில் இருக்கிறது என்று கேட்டார். "சாளுக்கியர் படையெடுத்து வந்தாங்க, பல்லவர்கள் வேலையை நிறுத்திட்டாங்க" என்று நான் ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். அவர் அதை அப்படியே ஸ்பானிஷில் எழுதி, 'தெதுவியேரோன் லா ஓப்ரா' ('வேலையை நிறுத்தினார்கள்') என்ற குறிப்போடு ஒரு படத்தைத் தன் அப்பாவுக்கு அனுப்பினார். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். இரவே பதில் வந்தது: "கியேன் லா தெதூவோ?" அதாவது, யார் நிறுத்தியது?

அந்தக் கேள்வியை அவர் எனக்கு அனுப்பிவைத்தார். என்னிடம் பதில் இல்லை. அதைவிட உறுத்தலான விஷயம், சில வருடங்களுக்கு முன் இதே வலைப்பதிவில் நானே "பல்லவர்கள் பணியை நிறுத்திவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சரி, இப்போது யோசிப்போம்.

நில் என்ற ஒரு சொல்

தமிழில் 'நின்றது' என்பதற்கு இரண்டு வேலை. "மரம் நின்றது" என்றால் அசையாமல் இருந்தது. "பஸ் நின்றது" என்றால் ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டம் முடிந்தது. நமக்கு இது குழப்பமே இல்லை, ஏனென்றால் எது ஓடும், எது ஓடாது என்பது முன்பே தெரியும். மெக்சிகோவின் 'பரார்சே'வும் இப்படித்தான், நிற்பதும் ஓட்டம் நிற்பதும் ஒரே சொல்லுக்குள். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் இப்படி ஒரே இடத்தில் வந்து சந்திப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இன்னொரு ஒற்றுமை அதைவிட அழகு. நாம் "மழை விட்டுடுச்சு" என்போம். "சிகரெட்டை விட்டுட்டான்" என்போம். ஸ்பானிஷிலும் மழை நின்றதைச் சொல்ல 'தெஹார்' என்ற வினையைத்தான் எடுப்பார்கள்: 'தெஹோ தே யோவேர்'. தெஹார் என்றால் விடு. புகைப்பதை விட்டதற்கும் அதே சொல், வேலையை விட்டதற்கும் அதே சொல்.

ஆகப் பட்டியல் இப்படிப் போகிறது. யாரோ ஒருவர் கை வைத்து நிறுத்தினால் 'தெதூவோ', நிறுத்தினான். செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டால் 'தெஹோ தே'. வண்டியோ மோட்டாரோ தானாக நின்றால் 'செ பரோ'. புயல், சத்தம், சண்டை அடங்கினால் 'செசோ', ஓய்ந்தது. செங்கல்பட்டுக் கடற்கரையிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். யாருக்கும் தீர்மானமான வெற்றி இல்லை. அந்தச் சண்டையை யாரும் 'நிறுத்தவில்லை', அது ஓய்ந்தது.

இதற்கு மேல் ஸ்பானிஷில் இறந்தகாலமே இரண்டு வகை. ஒரு முறை நடந்து முடிந்ததற்கு ஒன்று, அந்தக் காலத்தில் வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. 'பரோ' என்றால் நின்றது, 'பராபா' என்றால் வழக்கமாக நிற்கும். கவனித்தீர்களா, 'நிற்கும்' என்று எழுதினேன். "நான் சின்னப் பையனா இருந்தப்போ பஸ் இங்கதான் நிற்கும்" என்று பழைய கதை சொல்லும்போது நாம் எதிர்கால வடிவத்தைத்தானே எடுக்கிறோம்? பாடப்புத்தகத்தில் 'செய்யும்' என்பது எதிர்காலம். பாட்டி கதையிலோ அதுதான் ஸ்பானிஷின் இரண்டாவது இறந்தகாலம்.

இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு நம் கடற்கரையின் மூன்று நிற்றல்களைப் பார்த்தேன். அப்புறம்தான் ரதங்களின் பக்கம் திரும்பத் தைரியம் வந்தது.

நிற்காமலே நின்ற கல்

முதலில் அந்த வெண்ணெய் உருண்டை. அது எங்கிருந்தும் உருண்டு வரவில்லை. ஒரே பெரும் பாறை விரிசல் வழியாகப் பல காலம் சிதைந்து, ஓரமெல்லாம் உதிர்ந்து, நடுவில் இருந்த உறுதியான பகுதி மட்டும் உருண்டையாக மிஞ்சுவது கருங்கல் நாட்டில் சாதாரணம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரும் வழியெல்லாம் இப்படிப்பட்ட பாறைகளைப் பார்க்கலாம். 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இதை இழுத்துப் பார்த்தார் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதை பிரபலம்.

ஆக என் ஸ்பானிஷ் வாக்கியத்தில் வினை மட்டுமல்ல, வரலாறும் தப்பு. ஓடாத ஒன்று நிற்க முடியாது. தமிழில் "பாறை நிற்கிறது" என்று சொன்னபோது அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை, சொல்லின் மறுபொருள் என்னைக் காப்பாற்றிவிட்டது. ஸ்பானிஷில் எந்த நிற்றல் என்று கேட்டதும் மாட்டிக்கொண்டேன்.

நேரமும் கையும் தெரிந்த நிறுத்தம்

இரண்டாவது, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் கல்பாக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. முதல் அலகு மேம்பாட்டுப் பணிக்காக ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சுனாமி வந்தபோது கடல்நீர் இறைக்கும் பம்ப் ஹவுஸுக்குள் தண்ணீர் ஏறியது. பம்ப்புகள் நின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் இரண்டாவது அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சில நாட்களில் அது மறுபடி ஓட ஆரம்பித்தது.

இந்தச் சின்னப் பத்தியில் மூன்று வினை இருக்கிறது. முதல் அலகை நிறுத்திவைத்தார்கள்: மறுபடி ஓட்டுவோம் என்ற எண்ணம் அந்த 'வை'யில் இருக்கிறது. ஸ்பானிஷில் 'சுஸ்பென்தியேரோன்' என்று சொல்லலாம். பம்ப்புகள் நின்றன: யாரும் நிறுத்தவில்லை, 'செ பராரோன்'. இரண்டாவது அலகை நிறுத்தினார்கள்: ஆள் இருக்கிறது, முடிவு இருக்கிறது, பதிவேட்டில் நேரம் இருக்கிறது. 'தெதுவியேரோன்' என்ற சொல் முழுத் தகுதியோடு உட்காரும் இடம் இதுதான். "யார் நிறுத்தியது?" என்று அந்த ஆசிரியர் கேட்டால் இங்கே பதில் சொல்லலாம்.

என் தொழிலிலும் இதுதான் பாடம். ராத்திரி ஒரு சர்வீஸ் நின்றுபோனால், லாகில் 'நின்றது' என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மேனேஜரிடமும் பேச முடியாது. யாராவது நிறுத்தினார்களா, மெமரி போதாமல் விழுந்ததா, தன் வேலை முடிந்து தானாக வெளியே வந்ததா? மூன்றுக்கும் ஸ்கிரீனில் தெரிவது ஒன்றுதான், மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. லாக் இல்லாமல் ஒரு காரணத்தைச் சொன்னால் அது அனுமானம். இதை ஆபீசில் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், வீட்டுக்கு வந்து பல்லவர்களைப் பற்றி எழுதும்போது மறந்துவிட்டேன்.

நின்னுபோச்சு

மூன்றாவது, பக்கிங்ஹாம் கால்வாய். மாமல்லபுரத்துக்குள் போகும்போது மேற்குப் பக்கம் ஒரு உப்பங்கழி மாதிரி தெரியுமே, அது. 1806இல் பசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்ட ஆரம்பித்தது பிறகு வடக்கே ஆந்திரக் கடற்கரை வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1877–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதனால்தான் வந்தது. விறகும் உப்பும் படகில் சென்னைக்குப் போகும். மனிதர்களும் போவார்கள். பாரதிதாசன் இந்தக் கால்வாயில் படகில் மாமல்லபுரம் போனதை ஒரு பாட்டாகவே எழுதியிருக்கிறார்.

மேலே நான் "போகும்", "போவார்கள்" என்று எழுதினேன். ஸ்பானிஷில் அது இரண்டாவது இறந்தகாலம். படகுகள் இங்கே நிற்கும் என்றால் 'பராபான்'. சரி, அந்தப் படகுகள் எப்போது நின்றன?

கால்வாய்க் கரையில் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். "ஐயா, படகெல்லாம் எப்ப நிறுத்துனாங்க?"

"யாரு தம்பி நிறுத்துனா? அதுவா நின்னுபோச்சு. புயல் அடிச்சுது, கரை ஒடைஞ்சுது, மண்ணு தூந்துபோச்சு. லாரி வந்துது. அப்புறம் யாரு தள்ளிக்கினு போவா?"

என் கேள்வியில் இருந்த வினையை அவர் ஒரே நொடியில் திருத்திவிட்டார். 1965–66 புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தியது பதிவில் இருக்கிறது. 1976இல் மறுபடி ஒரு புயல். ஆனால் படகுப் போக்குவரத்தை ஒரு நாளில் ஒருவர் கையெழுத்துப் போட்டு நிறுத்தியதாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு படகுக்காரராக விட்டார். அதனால் இங்கே 'தெதுவியேரோன்' கூடாது, 'தெஹாரோன் தே பசார்' என்றுதான் சொல்ல வேண்டும்: போவதை விட்டன. நம் 'போச்சு' அதோடு இன்னொரு சங்கதியையும் சேர்க்கிறது. 'நின்னுடுச்சு' என்பது தகவல். 'நின்னுபோச்சு' என்றால் அதில் ஒரு இழப்பு இருக்கிறது. இத்தனைக்கும் 2008இல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி 4 என்ற அறிவிப்பில் சேர்ந்தது. காகிதத்தில் அது நிறுத்திவைத்த கால்வாய், டீக்கடையில் நின்றுபோன கால்வாய்.

இப்போது ரதங்கள்

இந்த மூன்று உதாரணங்களோடு ஐந்து ரதங்களுக்குத் திரும்பிப் போனேன், இந்த முறை தனியாக.

முதலில் கண்ணால் பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். தருமராச ரதத்தின் மேல்தளங்கள் முடிந்த நிலையில் இருக்கின்றன. உச்சித் தளத்தில் சோமாஸ்கந்தர் சிற்பம் இருக்கிறது. அங்கேயே 'அத்யந்தகாம பல்லவேச்வர கிருகம்' என்று கோயிலின் பெயரைப் பல்லவ கிரந்தத்தில் பொறித்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தின் மூலைகளில் அருமையான தெய்வச் சிற்பங்கள். ஆனால் அந்தக் கீழ்த்தளத்தின் உள்ளே கருவறை குடையப்படவில்லை. பீம ரதத்தில் மேலே கூரை நேர்த்தி, கீழே அடிப்பகுதி கரடுமுரடு. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வரும் முறை என்பதால் மிச்சம் பெரும்பாலும் கீழே இருக்கிறது.

ஊரின் மற்ற இடங்களிலும் இதே கதை. வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள், ஐந்து பாண்டவர் மண்டபம் எதுவும் முழுதாக முடியவில்லை. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரும் சிற்பப் பாறைக்குத் துணையாக, அதே காட்சியைச் செதுக்க ஆரம்பித்த இன்னொரு பாறையும் இதே ஊரில் இருக்கிறது. முடிக்காத குகைகளின் சுவரில் கட்டம் கட்டமாக வாய்க்கால் வெட்டி, நடுவில் புடைத்த சதுரங்களை உடைத்தெடுக்கும் முறை அப்படியே தெரியும். வேலை முடிந்திருந்தால் இந்த முறை நமக்குத் தெரிந்தே இருக்காது. முடித்த குகை தன் ரகசியத்தைத் தேய்த்து அழித்துவிடும்.

இனி 'யார்' என்ற கேள்வி. வழக்கமான பதில்கள் மூன்று.

ஒன்று, அரசர் இறந்தார். நரசிம்மவர்மன் என்ற மாமல்லன் ஏறத்தாழ 668 வரை ஆண்டவர், அவரோடு வேலை நின்றது. இரண்டு, போர். அவர் 642இல் வாதாபியைப் பிடித்ததற்குப் பழிவாங்க வந்த சாளுக்கிய விக்ரமாதித்தன் 674இல் உறையூரில் முகாமிட்டிருந்ததை அவருடைய கட்வால் செப்பேடு சொல்கிறது. நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது இந்தக் கதைதான். மூன்று, பாணி மாறியது. பாறையைக் குடைவதை விட்டு, கல்லடுக்கிக் கட்டும் முறைக்குப் போனார்கள். ராசசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலும் அந்த மாற்றத்தின் சாட்சி.

மூன்றையும் வினையாக மாற்றிப் பாருங்கள். முதலாவதில் வேலை நின்றுபோனது. இரண்டாவதில் நிறுத்தினார்கள், அல்லது அமைதி வந்ததும் தொடரலாம் என்று நிறுத்திவைத்தார்கள். மூன்றாவதில் குடைவதை விட்டார்கள், 'தெஹாரோன் தே'. ஒரே கல், மூன்று வினை, மூன்று வேறு வேறு பல்லவ நாடு.

சிக்கல் இதோடு முடியவில்லை. இந்தச் சின்னங்கள் யார் காலத்தவை என்பதிலேயே அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. கே.ஆர். சீனிவாசன் போன்றவர்கள் மாமல்லனில் ஆரம்பித்து, பரமேச்வரவர்மன் வழியாக ராசசிம்மன் வரை ஒரு வரிசை போட்டார்கள். இரா. நாகசாமி 1962இல் அதை மறுத்து, எல்லாமே ராசசிம்மன் படைப்பு என்று வாதிட்டார். 'அத்யந்தகாமன்' என்ற பட்டம் யாருடையது என்பது அந்த விவாதத்தின் மையங்களில் ஒன்று. நாகசாமி சொன்னது சரி என்றால், 674இல் வந்த சாளுக்கியப் படை எட்டாம் நூற்றாண்டு உளியை எப்படி நிறுத்தும்? நான் 'நிறுத்தினார்கள்' என்று எழுதியபோது இந்த விவாதத்தில் ஒரு பக்கத்தை, படிக்காமலே, எடுத்துவிட்டேன்.

மற்ற ஊர்களில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தேன். அஜந்தாவில் முடியாத குகைகள் நிறைய. வால்டர் ஸ்பிங்க் என்ற அமெரிக்க அறிஞர் வாழ்நாள் முழுக்க அவற்றை ஆராய்ந்து, வாகாடக அரசர் ஹரிசேனர் 477இல் இறந்ததோடு அந்தப் பெருந்திட்டம் குலைந்தது என்று கிட்டத்தட்ட வருட வாரியாகக் கணக்குச் சொன்னார். அதை எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் அந்த வினைக்குப் பின்னால் ஐம்பது வருட உழைப்பு இருக்கிறது. நம் பக்கம் கழுகுமலை வெட்டுவான் கோயில். மேலே தேவலோகம், கீழே வெறும் பாறை. அதற்கு ஊர் ஒரு கதை வைத்திருக்கிறது: அப்பா சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி, கோபத்தில் அப்பா மகனைக் கொன்றார், வேலை நின்றது. பாதியில் நிற்கும் கல்லைப் பார்த்தால் மனசு எழுவாயைத் தேடும். கிடைக்காவிட்டால் ஒன்றைச் செய்துகொள்ளும். என் சாளுக்கியரும் அப்படிச் செய்துகொண்ட எழுவாய்தான், கொஞ்சம் படித்த எழுவாய், அவ்வளவுதான்.

இதற்கு முற்றிலும் வேறான ஒரு பார்வையும் உண்டு. வித்யா தெஹேஜியாவும், தானே கல் செதுக்கும் சிற்பியான பீட்டர் ராக்வெல்லும் சேர்ந்து இந்தியாவின் முடியாத கற்சிற்பங்களைப் பற்றி 2016இல் ஒரு நூல் எழுதினார்கள். முடிந்தது, முடியவில்லை என்று நாம் கறாராகப் பிரிப்பது போல அந்தக் காலத்தவர்கள் பிரிக்கவில்லை, 'முடிந்தது' என்பதே நெகிழ்வான விஷயம் என்பது அவர்களின் வாதம். பூசைக்கு வேண்டியது தயாரானால் மிச்சம் மெதுவாக நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

இதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இன்னும் தெளிவு. தேர் பாதி வீதியில் அச்சு முறிந்து நின்றால் "நின்னுபோச்சு" என்போம். ஊரைச் சுற்றி வந்து தன் இடத்தில் நின்றால் "நிலைக்கு வந்துடுச்சு" என்போம். இரண்டுமே நிற்பதுதான். தருமராச ரதத்துக்குப் பெயர் வைத்தாயிற்று, உச்சியில் சாமி இருக்கிறார். அவர்கள் கணக்கில் அது வீதியில் நின்றுபோன தேரா, நிலைக்கு வந்த தேரா? கல்வெட்டு பெயரைச் சொல்கிறது, இதைச் சொல்லவில்லை.

சிற்பக்கூடத்தில்

திரும்பும் வழியில் ஒரு சிற்பக்கூடத்தில் நின்றேன். உளிச் சத்தம் இந்த ஊரில் இன்றும் ஓயவில்லை. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூடத்தின் ஓரத்தில் இடுப்பு வரை முடிந்த ஒரு அம்மன், கீழே வெறும் கல்.

"அண்ணே, இது ஏன் பாதியிலேயே நிறுத்திட்டீங்க?"

"நிறுத்தல சார். பாக்கி பணம் வரல, வேலை நிக்குது. வந்தா செய்வோம்."

"எத்தனை வருஷமா?"

"ஒரு ஏழு எட்டு வருஷம் இருக்கும். கல்லு எங்க போவப்போவுது? அதுபாட்டுக்குக் கெடக்குது."

எட்டு வருடம் ஆகியும் அவருக்கு அது இறந்தகாலம் இல்லை. 'நிக்குது', 'கெடக்குது', எல்லாம் நிகழ்காலம். நாளைக்கு அவர் கடையைக் கட்டிவிட்டால்தான் அது இறந்தகாலம் ஆகும். அப்போதும் எந்த நாளில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி உளி விழுந்த நாளில் அது கடைசி என்று அவருக்கே தெரியாது.

ரதங்களிலும் இப்படி நடந்திருக்கலாம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் உறுதியாகப் படுகிறது. நாம் 'வேலை நின்றது' என்று ஒருமையில் சொல்வதே சந்தேகத்துக்கு உரியது. பீம ரதமும் பிடாரி ரதமும் குகை மண்டபமும் ஒரே நாளில், ஒரே காரணத்துக்காக நின்றன என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஒன்றை விட்டிருக்கலாம், ஒன்றை நிறுத்திவைத்திருக்கலாம், ஒன்று அவர்கள் கணக்கில் முடிந்தே போயிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வினையில் கட்டினால் அந்த வேறுபாடுகள் தொலைந்துவிடும்.

நான் எழுதிய பதில்

ஸ்பானிஷில் 'கெதார்' என்று ஒரு வினை இருக்கிறது. மிஞ்சு, அப்படியே தங்கு என்கிற மாதிரி. 'லா ஓப்ரா கெதோ இன்கோன்க்லூசா' என்றால், வேலை முடியாமல் தங்கிவிட்டது. யார், ஏன் என்ற எதையும் அது தன் தலையில் போட்டுக்கொள்ளாது. பார்ப்பதை மட்டும் சொல்லும். தமிழில் அதற்குச் சரியான சொல் அந்தச் சிற்பி வாயில் வந்ததுதான்: கிடக்கிறது. தலசயனப் பெருமாள் கிடந்த கோலத்தில் இருக்கும் ஊரில் வேலையும் கிடப்பதில் வியப்பில்லை.

அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். 'தெதுவியேரோன்' என்பதை எடுத்துவிடுங்கள், 'கெதோ இன்கோன்க்லூசா' என்று போடுங்கள், தப்பு என்னுடையது, யார் நிறுத்தினார் என்று கேட்ட உங்கள் அப்பாவுக்கு என் நன்றி என்று சொன்னேன். இந்த வலைப்பதிவில் இருந்த பழைய வரியையும் திருத்திவிட்டேன். "பல்லவர்கள் பணியை நிறுத்திவிட்டார்கள்" என்று இருந்த இடத்தில் இப்போது "பணி முடியாமல் கிடக்கிறது" என்று இருக்கும். பழைய வரியை நம்பி யாராவது எங்காவது எடுத்து எழுதியிருந்தால், மன்னிக்கவும், மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து மெக்சிகோவிலிருந்து பதில் வந்தது. கெதோ நல்ல சொல், ஒப்புக்கொள்கிறேன் என்று ஆரம்பித்திருந்தார். அடுத்த வரியில் இன்னொரு கேள்வி: "கியேன் லா தெஹோ அசி?" யார் அதை அப்படியே விட்டது?

வாத்தியார்கள் எந்த நாட்டிலும் வாத்தியார்கள்தான். எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனால் இந்த முறை தெரியாது என்றே எழுதி அனுப்பினேன்.